சைக்கிள் பாதையை அண்ணா சாலையில் தொடங்காதீர்கள்

2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். நடிகர் விஜய் நீலாங்கரையில் வாக்குச்சாவடிக்குச் சைக்கிளில் போனார். பெட்ரோல் விலையைக் குத்திக்காட்டுகிறாரா, பூத் பக்கத்தில் கார் நிறுத்த இடமில்லையா என்று அன்று முழுக்க டிவியில் அதே பேச்சு. அந்த வீடியோவில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. நடுவில் ஒரு சைக்கிள். அதைச் சுற்றி முன்னும் பின்னும் மோட்டார் பைக்குகள், உரசாத குறை. சென்னையில் தினமும் சைக்கிள் ஓட்டுகிறவர் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். செல்ஃபி எடுக்க யாரும் வரமாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஊரில் சைக்கிள் செய்தியாக வேண்டுமென்றால் ஒரு பிரபலம் வேண்டும். இல்லையென்றால் ஞாயிறு அதிகாலையில் ஈ.சி.ஆரில் ஹெல்மெட்டும் கையுறையுமாகப் போகும் கூட்டம் வேண்டும். தினமும் ஓட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். விடிவதற்கு முன் பேப்பரும் பால் பாக்கெட்டும் போடுகிறவர். நைட் ஷிப்ட் முடிந்து திரும்பும் அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி. கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடங்களைச் சுற்றி வருகிறவர். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகும் வடமாநிலத் தொழிலாளிகள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள். சைக்கிள் பாதை வேண்டும் என்று இவர்கள் மனு எழுதி நிற்பதில்லை. அதைப் பற்றிப் பேசக் கூடும் கூட்டங்களில் பெரும்பாலும் ஈ.சி.ஆர் ஆட்கள்தான் இருப்பார்கள். திட்டங்கள் ஏன் கடற்கரையையும் பூங்காவையும் ஒட்டியே வருகின்றன என்பதற்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

சென்னை ஒரு காலத்தில் சைக்கிள் ஊர்தான். 1970வாக்கில் நகரத்தில் நடந்த பயணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று சைக்கிளில். 2008இல் சென்னைப் பெருநகருக்கு எடுத்த விரிவான போக்குவரத்து ஆய்வில் அது 6 சதவீதம். அதே காலத்தில் மோட்டார் இருசக்கர வண்டியின் பங்கு 2 சதவீதம் என்ற அளவிலிருந்து 25க்கு ஏறியது. நடந்து போகிறவர்கள் மட்டும் பெரிதாகக் குறையவில்லை. 2008இலும் 28 சதவீதம். அதாவது சைக்கிளை விட்டவர்களில் பலர் கார் வாங்கிவிடவில்லை, தவணையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினார்கள்.

பணம் வந்ததால் சைக்கிள் போனது என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். தூரம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. ஊர் எல்லை விரிந்ததைவிட வேகமாக ஏழைகளின் வீடுகள் தள்ளிப் போயின. சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையில் இருந்தவருக்கு வேலை எப்படியும் சைக்கிள் தூரத்தில் கிடைக்கும். அவரைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு மாற்றினால் அதே வேலை 20 கிலோமீட்டருக்கு மேல் போய்விடுகிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி கதையும் இதுதான். அந்தத் தூரத்துக்கு எவ்வளவு நல்ல பாதை போட்டாலும் யாரும் மிதிக்க மாட்டார்கள்.

தூரம் வீட்டை மாற்றினால் மட்டும் கூடுவதில்லை. ஒருவழிப் பாதை, இடைவெளியே இல்லாத மீடியன், முக்கால் கிலோமீட்டர் தள்ளி ஒரு யு டர்ன். மோட்டார் வண்டிக்கு இது இரண்டு மூன்று நிமிடம். மிதிக்கிறவருக்குப் போக முக்கால், வர முக்கால். அதனால் அவர் ஓரமாக ராங் சைடில் வருகிறார், எல்லோரிடமும் திட்டு வாங்குகிறார். சாலையை வரைந்தபோதே அவரைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

சரி, அரசு எதுவும் செய்யவில்லையா? செய்தது. 2014இல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்திய நகரங்களில் இதில் முந்திக்கொண்டது சென்னைதான். போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருந்தார்கள். அதே வருடம் பெசன்ட் நகரில் கார் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. 2019இல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஆப் வைத்துத் திறக்கும் வாடகை சைக்கிள்கள் வந்தன. அந்த நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தது. 2020 கொரோனா காலத்தில் மத்திய நகர்ப்புற அமைச்சகம் சைக்கிளுக்காக நகரங்களுக்கிடையே ஒரு போட்டியே நடத்தியது. நூற்றுக்கு மேற்பட்ட நகரங்கள் சேர்ந்தன.

இவற்றில் நடைபாதைக்கு ஓரளவு பலன் கிடைத்தது. பாண்டி பஜாரில் போய் நின்றாலே தெரியும். சைக்கிளுக்குக் கிடைத்தது சைக்கிள்தான், பாதை இல்லை. வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்தவருக்கு அதே பழைய சாலைதான், அதே மாநகரப் பேருந்து பின்னால் ஹாரன் அடித்தது.

பாதை போடுவதில் அப்படி என்ன சிக்கல்? இடமில்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். இடது ஓரத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்தப் பதில் அவ்வளவு சரியில்லை என்று தெரியும். சென்னையின் ஏதாவது ஒரு பஸ் ரூட் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதை விளிம்பிலிருந்து சாலைக்குள் இரண்டு மீட்டர். முதலில் மழைநீர் வடிகாலின் இரும்புச் சல்லடை. அதன் கம்பிகள் சாலையின் நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் டயர் கச்சிதமாக உள்ளே இறங்கும். அப்புறம் ஒரு சாக்கடை மூடி, தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்ததால் பள்ளத்தில் கிடக்கிறது. குப்பைத் தொட்டி. மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ். இளநீர் வண்டி. ஓரமாகச் சேர்ந்த மணல், அதில் பிரேக் பிடித்தால் வழுக்கும். மீதி நீளம் முழுக்க நிறுத்தி வைத்த கார்கள். ஒரு கார் இரண்டு மீட்டருக்குக் குறையாமல் இடம் பிடிக்கும். இருவழிச் சைக்கிள் பாதைக்கு, சாலை விதிமுறைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962இலேயே கேட்ட குறைந்தபட்ச அகலமும் இரண்டு மீட்டர்தான். இடம் இருக்கிறது. அதில் காலையில் வந்து நின்ற வண்டி சாயங்காலம் வரை சும்மா நிற்கிறது. பெரும்பாலான தெருக்களில் அதற்குக் காசும் கிடையாது.

அந்த 1962 விதியில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு சாலையில் மணிக்கு 200 மோட்டார் வண்டிக்கு மேல் போனால், உச்ச நேரத்தில் மணிக்கு 100 சைக்கிள் போனாலே தனிப்பாதை நியாயம் என்றது. 200 மோட்டார் வண்டி இன்றைக்குச் சென்னையில் இரண்டு சிக்னலில் கடந்துவிடும். 2015இல் அந்த விதிமுறையைத் திருத்தினார்கள். ஆனால் சைக்கிளை எண்ணிப் பார்த்துத்தான் பாதை என்ற பழக்கம் பொறியாளர்களிடம் இன்னும் ஊறிக் கிடக்கிறது. பயத்தில் ஓட்டாமல் விட்டவர்கள் எந்த எண்ணிக்கையிலும் வருவதில்லை. பாலம் இல்லாத ஆற்றில் எத்தனை பேர் நீந்துகிறார்கள் என்று எண்ணிவிட்டு, பாலம் தேவையில்லை என்று எழுதுவதும் இதுவும் ஒன்றுதான்.

பெயிண்டால் கோடு போடுவது மலிவு, ஆனால் பாதி வேலைகூட இல்லை. ஒரு கார் அதன் மேல் நின்றதும் அந்தப் பாதை முடிந்தது. சைக்கிள்காரர் வெளியே வந்து சுற்றிப் போக வேண்டும், அந்த நொடிதான் ஆபத்து. பஸ் நிறுத்தம் அடுத்த சிக்கல். பஸ் இடது ஓரத்துக்கு ஒதுங்கும்போது பாதையை வெட்டிக்கொண்டுதான் ஒதுங்கும். இதற்கு ஊர் ஊராக ஒரே தீர்வுதான் வேலை செய்திருக்கிறது: நிறுத்தத்தை ஒரு தீவுபோலச் சாலைப் பக்கம் தள்ளிவிட்டு, சைக்கிளை அதன் பின்புறமாக விடுவது. அதைவிடப் பெரிய சிக்கல் சந்திப்பு. இங்கே இடது பக்கம் திரும்புகிறவர் சிக்னலைப் பார்ப்பதே இல்லை. ஃப்ரீ லெஃப்ட் என்று வளைவை அகலமாக வெட்டி வைத்திருக்கிறோம், வேகம் குறையாமலே திரும்பலாம். நேராகப் போகும் சைக்கிள் அந்த வளைவில்தான் மாட்டும். வளைவின் முனையைக் கூர்மையாக்கினால் வண்டி தானாக வேகம் குறைக்கும். செலவு ரொம்ப இல்லை, நடந்து கடப்பவருக்கும் நல்லது. ஆனால் போக்குவரத்து போலீசுக்கு வளைவு அகலமாக இருந்தால்தான் நிம்மதி.

நம் நாட்டுக்கே உரிய தலைவலி ஒன்று இருக்கிறது. சைக்கிள் நுழையும் எந்த இடத்திலும் மோட்டார் பைக்கும் நுழையும். சைக்கிள் ஹேண்டில்பார் சுமார் 60 சென்டிமீட்டர், பைக்குடையது கொஞ்சம்தான் அதிகம். நெருக்கமாகக் கம்பம் நட்டால் பைக்கோடு சேர்ந்து மீன்பாடி வண்டியும் தண்ணீர் கேன் போடும் ட்ரை சைக்கிளும் வெளியே நிற்கும். அவர்களுக்குத்தான் பாதை ரொம்பத் தேவை. பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் 2020இல் கம்பம் நட்டுப் பாதை பிரித்தார்கள், கம்பங்கள் வெகுநாள் நிற்கவில்லை. டில்லியில் 2008இல் பஸ்ஸுக்கென்று தனியாகத் திறந்த பி.ஆர்.டி. தடத்தில் நல்ல சைக்கிள் பாதையும் இருந்தது. காருக்கு இடம் போதவில்லை என்ற கூச்சலில் 2016இல் தடத்தையே இடித்தார்கள். இதற்குச் சுத்தமான தீர்வு யாரிடமும் இல்லை. சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவான உயரத்தில் பாதையை அமைத்து, நுழைவில் மட்டும் கம்பம் வைத்து, முதல் சில மாதம் விடாமல் அபராதம் போட்டால் ஓரளவு கட்டுக்குள் வரும்.

வெயில் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள். ஸ்பெயினில் செவில் நகரத்தில் கோடையில் 40 டிகிரி சாதாரணம். 2006இல் தொடங்கி ஒன்றிரண்டு வருடத்தில் சுமார் 80 கிலோமீட்டர் தனிப்பாதை போட்டார்கள், அதற்காக ஆயிரக்கணக்கான கார் நிறுத்துமிடங்களை எடுத்தார்கள். ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்த சைக்கிள் பயணம் சில வருடங்களில் 6 சதவீதத்தைத் தாண்டியது. நம் காற்றின் ஈரப்பதம் அங்கே இல்லை, உண்மைதான். இரண்டு மூன்று கிலோமீட்டர், புங்க மரமும் தூங்குமூஞ்சி மரமும் இருக்கும் தெரு என்றால் காலை எட்டு மணிக்குத் தாங்கும். பத்து கிலோமீட்டர், மேம்பாலம் மேம்பாலமாக என்றால் மார்கழியிலும் தாங்காது.

செவிலில் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே வீச்சில் வலைப்பின்னலாகப் போட்டார்கள் என்பதுதான் முக்கியம். சென்னை அளவுக்கு அதைச் செய்ய முடியுமா? அண்ணா சாலையில் மெட்ரோ நிறுவனம், நெடுஞ்சாலைத் துறை, மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம், போலீஸ் என்று ஆறு பேர் கையெழுத்து வேண்டும். அங்கே தொடங்கினால் முதல் ஆயிரம் மீட்டரிலேயே கடைக்காரர்கள், கார்காரர்கள், பஸ் டிரைவர்கள் எல்லோரும் எதிரி. பாதி போட்டு நிறுத்திய பாதை, போடாததைவிடக் கெடுதல். 'அப்பவே சொன்னோம்ல' என்பதற்கு அதுவே சாட்சி ஆகிவிடும்.

தொடங்குவதென்றால் சின்ன ஊரில் தொடங்கலாம். அமெரிக்காவில் முதல் சைக்கிள் லேன்கள் வந்தது நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இல்லை, கலிஃபோர்னியாவில் டேவிஸ் என்ற கல்லூரி ஊரில், 1967இல். அப்போது அங்கே மக்கள்தொகை 20 ஆயிரத்துச் சொச்சம். ஊர் தட்டை, தூரம் குறைவு, பல்கலைக்கழக மாணவர்கள் ஏற்கெனவே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். நம் நாட்டில் மகாராஷ்டிராவின் நாந்தேடைச் சொல்லலாம். 2011 கணக்கெடுப்பில் ஐந்தரை லட்சம் பேர் இருந்த ஊர். 2008இல் சீக்கியர்களின் பெரிய விழா வருகிறது என்று மத்திய அரசின் நிதி வந்தது. அதை வைத்து முக்கியச் சாலைகளில் நடைபாதை, சைக்கிள் பாதை, கடைகளுக்கு இடம் என்று பிரித்துக் கட்டினார்கள்.

சென்னையைச் சுற்றியும் இந்த மாதிரி ஊர்கள் உண்டு. நாம்தான் அவற்றைப் புறநகர் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஆவடி 2019இல் மாநகராட்சி ஆனது. தாம்பரம் 2021இல், ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து. அப்புறம் செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம். இந்த ஊர்களின் உயிர்நாடி ரயில் நிலையம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அன்றிலிருந்து ஊர் நிலையத்தைச் சுற்றித்தான் வளர்ந்தது. சேலையூர், செம்பாக்கம், முடிச்சூர், சிட்லபாக்கம் என்று எங்கிருந்து கிளம்பினாலும் ஏதாவது ஒரு நிலையம் சில கிலோமீட்டரில் வந்துவிடும். அந்தச் சில கிலோமீட்டருக்கு இப்போது ஷேர் ஆட்டோ, இல்லாவிட்டால் ஸ்கூட்டர், அதை நிறுத்த மாதக் கட்டணம். சென்னைக்குள் போகும் 25 கிலோமீட்டரை ரயில் பார்த்துக்கொள்ளும். சைக்கிள் செய்ய வேண்டியது இந்தச் சின்ன வால் பகுதியை மட்டும்தான்.

உட்புறத் தெருக்களில் தனிப்பாதையே வேண்டாம். வண்டிகள் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் போனால் சைக்கிள் கூடவே போகலாம். அதற்கு வேகத்தடையைவிட, தெருவைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்த முடியாமல் அங்கங்கே அடைப்பது நல்ல பலன் தரும்: கார் நுழையாது, சைக்கிள் நுழையும். வேளச்சேரி–தாம்பரம் சாலை மாதிரி கனரக வண்டி ஓடும் இடத்தில்தான் கல் வைத்துப் பிரிக்க வேண்டும். தண்டவாளத்தைக் கடப்பதுதான் நிஜமான முட்டுக்கட்டை. கிழக்கும் மேற்கும் இரண்டு ஊராகக் கிடக்கின்றன. குரோம்பேட்டை ராதா நகர் சுரங்கப்பாதை எத்தனை வருடம் இழுத்தது என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சைக்கிள் தடம் என்றதும் சென்னையில் எல்லோருக்கும் நினைவு வருவது பக்கிங்ஹாம் கால்வாயும் அடையாறும் கூவமும்தான். வரைபடத்தில் அழகாக இருக்கும். கால்வாயில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன, 1990களில் இறங்கியவை. ஆற்றங்கரைகளைக் 'காலி' செய்து கிடைக்கும் இடத்தில் தடம் போட்டால், முன்பு அங்கிருந்து சைக்கிளில் வேலைக்குப் போனவர் பெரும்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்பார், அந்த இடத்தில் வேறொருவர் மாலையில் உடற்பயிற்சி செய்வார். எனக்கு இதில் உடன்பாடில்லை. சின்ன ஊர்களில் ஏரிக்கரை இருக்கிறது. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைபாதையோடு பசுமைப் பூங்கா வந்தது. செங்கல்பட்டில் ரயிலடியை ஒட்டிக் கொளவாய் ஏரி. தாம்பரம் பக்கம் சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகள். இந்தக் கரைகளை ஏரியைச் சுற்றி வரும் வட்டமாக மட்டும் பார்க்காமல், ஒரு பக்கத்துக் குடியிருப்பிலிருந்து மறுபக்கத்துப் பள்ளிக்கோ நிலையத்துக்கோ போகும் வழியாகப் பார்க்கலாம். அதற்குக் கேட் இரவிலும் திறந்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். நுழைவுச் சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும் என்றால் அது வழி இல்லை, பூங்கா.

இந்த ஊர்களில் சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் யார் என்று தேட வேண்டியதில்லை. தமிழக அரசே கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2001–02இல் பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் சில வருடங்களில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எல்லா மேல்நிலை மாணவர்களுக்கும் விரிந்தது. அதற்கும் முன்னால், 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஒரு பெண் கையில் சைக்கிள் வந்தால் என்ன நடக்கும் என்று தமிழ்நாட்டுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கொடுத்த சைக்கிளில் எத்தனை, வாங்கின மாதமே அண்ணன் கைக்கோ பழைய சைக்கிள் கடைக்கோ போகிறது? தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையைக் கடந்து பள்ளிக்குப் போக வேண்டிய மகளிடம், 'வேண்டாம்மா, பஸ்ஸிலேயே போ' என்றுதான் எந்த அம்மாவும் சொல்வார்.

இத்தனை துறைகளையும் ஒரு மேஜைக்குக் கொண்டுவரத்தான் கும்டா என்ற ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. 2010இல் சட்டம் வந்தது, வேலை சூடுபிடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அவர்கள் பெரிய திட்ட அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். எந்தப் பள்ளிக்கு எத்தனை சைக்கிள் போனது என்ற பட்டியல் பள்ளிக்கல்வித் துறையிடம் வருடாவருடம் இருக்கிறது. தாம்பரத்திலும் ஆவடியிலும் அந்தப் பட்டியலை வார்டு வரைபடத்தின் மேல் வைத்து, மேல்நிலைப் பள்ளிக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையில் எந்தெந்தத் தெரு வருகிறது என்று குறித்தால், முதல் டெண்டருக்குத் தேவையான சாலைப் பட்டியல் கிடைத்துவிடும். அந்த டெண்டரில் பெயிண்டோடு, சல்லடைக் கம்பியைக் குறுக்காகத் திருப்புவதையும், பள்ளத்தில் கிடக்கும் மூடிகளைச் சாலை மட்டத்துக்கு உயர்த்துவதையும் சேர்த்து எழுத வேண்டும்.